பழைய அகலக்கோண லென்ஸ்: டார்ச் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். என்னிடம் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது. கோயில் மண்டபங்களையும் வீட்டு விசேஷங்களையும் எடுக்க ஓர் அகலக்கோண ஜூம் லென்ஸ் வேண்டும். ஃபோர்ட் பகுதிக் கடை ஒன்றில் டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8 பழைய லென்ஸ் விலைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். நிக்கானுக்கான முதல் பதிப்பில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. உங்கள் டி5600-க்குள்ளும் அந்த மோட்டார் இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கையால்தான் திருப்ப வேண்டும். 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

முதல் பதிப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். 11 மி.மீ.யில் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/8-இல் வைத்து, ஒரு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், அரை மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே ஏறக்குறையத் தெளிவாக விழும். அசையாத தூண்களுக்கு அது போதும். ஓடியாடும் குழந்தைகளை, துளை அகலத் திறந்த எஃப்/2.8-இல் எடுக்கப் போதாது.

அடுத்தது பூஞ்சை. மும்பையில் பழைய லென்ஸ் வாங்குகிறவர் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். நான்கு மாத மழையின் ஈரத்தில், பையிலேயே கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் படரும். கடை விளக்கின் கீழ் அது தெரியாது. அப்படித்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோதுதான் கண்டேன். லென்ஸின் பின்புறம் உலோக வளையத்தின் உள்ளே ஒரு சிறு நெம்பு இருக்கும். அதை விரலால் மெல்லத் தள்ளினால் அபர்ச்சர் இதழ்கள் முழுதாக விரியும். அந்த நிலையில் டார்ச்சைச் சாய்வாக அடித்து, இரு பக்கமிருந்தும் பாருங்கள். சில தூசிப் புள்ளிகளால் கெடுதல் இல்லை. கிளை விட்ட நூல் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'சுத்தம் செய்து தருகிறேன்' என்பார்கள். பூஞ்சை அரித்த மேற்பூச்சு சுத்தம் செய்தாலும் திரும்பி வராது. நெம்பை விட்டதும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். தயங்கினால் எண்ணெய் கசிந்திருக்கலாம்.

கீழே விழுந்த லென்ஸில் கண்ணாடி ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மட்டும் குழம்பிவிடும். அகலக்கோணத்தில் இது பளிச்சென்று தெரியும். கடை வாசலில் நின்று, தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றை எஃப்/4-இல் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்து நான்கு படங்கள் எடுங்கள். திரையில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நான்கும் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. மூன்று தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் வேண்டாம்.

கோயில்தான் முக்கியம் என்றால் நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 மி.மீ. லென்ஸையும் தேடுங்கள். எடை 230 கிராம்தான். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இருப்பதால், இருண்ட மண்டபத்தில் ஸ்டாண்ட் இல்லாமலே எடுக்கலாம். டி5600-இல் ஆட்டோஃபோகஸும் முழுமையாக இயங்கும். விசேஷ வீடுகளே அதிகம் என்றால் டோக்கினாவின் இரண்டாம் பதிப்புக்குக் காத்திருங்கள்.

எதை வாங்கினாலும் அன்றைக்கே காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். ஆடி, ஆவணியில் லென்ஸைத் தோல் பையில் விட்டுவைக்காதீர்கள்.