ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர்

அன்புள்ள சார்,

நான் ஐந்தாண்டு சட்டப்படிப்பில் முதலாண்டு மாணவி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். இந்த ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் (டார்ட், அதாவது ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) இரண்டும் இருக்கின்றன. ஒப்பந்தச் சட்டத்திலாவது பிரிவு எண்கள் உண்டு, மனப்பாடம் செய்துவிடலாம். தீங்கியலில் அதுவும் இல்லை, எல்லாம் பழைய இங்கிலாந்து வழக்குகள். ஸ்காட்லாந்தில் யாரோ குடித்த பாட்டிலில் நத்தை கிடந்தால் அதைத் திருநெல்வேலியில் உட்கார்ந்து நான் ஏன் படிக்க வேண்டும்? கைடு வாங்கு, வழக்கின் பெயரையும் தீர்ப்பையும் ஒரு வரியில் எழுது, பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள். முதல் இன்டெர்னலில் அப்படித்தான் எழுதினேன். மார்க் குறைவு. நீங்கள் சட்டம் படித்தவர் என்பதால் கேட்கிறேன். இதையெல்லாம் எப்படிப் படிப்பது?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

சீனியர்கள் சொல்வது பொய்யில்லை, பாஸ் ஆகிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியில் வழக்கு செத்துப்போகும். யாருக்கும் யாருக்கும் என்ன சண்டை என்று தெரியாமல் தீர்ப்பை மட்டும் எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் மார்க் குறைந்ததும் அநேகமாக அதனால்தான்.

நத்தையிலிருந்தே தொடங்குவோம். 1928 ஆகஸ்ட் 26. பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்மணி தன் நண்பருடன் சிற்றுண்டிக் கடைக்குப் போகிறார். ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வருகின்றன. (பீர் என்று பெயர்தானே தவிர, இஞ்சி சோடாதான்.) உள்ளே இருப்பது தெரியாத அடர்நிற பாட்டில். கொஞ்சம் குடித்தபின் மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவர் தரப்பு. அதிர்ச்சி, வயிற்றுக் கோளாறு. பானத்தைத் தயாரித்தவர் மேல் 500 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். அன்றைக்கு அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போகக் காசில்லை. தன் சொத்து மதிப்பு ஐந்து பவுண்டுகூட தேறாது என்று சத்தியம் செய்து, ஏழை என்ற முறையில் அனுமதி வாங்கித்தான் போனார்.

ஒரு வரியில் எழுதும்போது தொலைந்துபோவது என்ன தெரியுமா? காசு கொடுத்தது நண்பர். அதனால் கடைக்காரரோடு ஒப்பந்தம் இருப்பது நண்பருக்கு, அவருக்கோ ஒன்றும் ஆகவில்லை. வயிறு கெட்டவருக்குக் கடைக்காரரோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் கதவுகள் எல்லாம் மூடிவிட்டன. இப்படி வெளியே நிற்கிற ஆளுக்குச் சட்டம் ஏதாவது செய்யுமா என்பதுதான் டோனகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கு. 1932-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செய்யும் என்று சொன்னார்கள். இதில் வேடிக்கை, நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை. அவர் சொல்வது எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்குமா என்ற கேள்விக்குத்தான் தீர்ப்பு. சாட்சி விசாரணை வருவதற்குள் ஸ்டீவன்சன் இறந்துவிட, சமரசத்தில் முடிந்தது.

பெரும்பான்மையில் இருந்த அட்கின் பிரபு, பைபிளின் நல்ல சமாரியன் கதையில் ஒரு நியாயசாஸ்திரி கேட்பாரே, எனக்குப் பிறன் யார் என்று, அதே கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். நான் செய்யப்போகும் காரியத்தால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று நான் நியாயமாக யோசித்திருக்க வேண்டியவர் யாரோ, அவரே பிறன் என்பது அவர் தந்த பதில்.

இந்த அட்கினை உங்கள் மற்றொரு பேப்பரிலும் பார்த்திருப்பீர்கள். 1919, பால்ஃபர் எதிர் பால்ஃபர். கணவருக்கு இலங்கையில் வேலை, நீர்ப்பாசனத் துறை இயக்குநர். விடுப்பில் இருவரும் இங்கிலாந்து வந்தார்கள். மனைவியின் உடல்நிலை காரணமாக மருத்துவர் அவரை அங்கேயே தங்கச் சொல்ல, மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணவர் மட்டும் கப்பலேறினார். பிறகு உறவு முறிந்தது. மனைவி பணம் கேட்டு வழக்குப் போட்டு, கீழே ஜெயித்து, மேலே தோற்றார். கணவனும் மனைவியும் இப்படிப் பேசிக்கொள்வது சட்ட உறவை ஏற்படுத்தும் நோக்கத்தில் அல்ல, இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டால் நீதிமன்றங்களை நூறு மடங்கு பெருக்க வேண்டியிருக்கும் என்றார் அட்கின். நத்தை வழக்கில் வாக்குறுதியே இல்லாதவருக்குக் கதவைத் திறந்தவர், இங்கே நேராக வாக்குறுதி வாங்கியவரை வெளியே நிறுத்தினார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. கடல் தாண்டிப் போகும் கணவன் தொகை குறிப்பிட்டுச் சொன்னது குடும்பப் பேச்சு என்றால், அந்தப் பேச்சை நம்பித் தனியாக இருந்தவள் எதை வைத்துச் சாப்பிடுவாள்? நம்முடைய 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இந்த 'சட்ட உறவு நோக்கம்' பற்றித் தனிப் பிரிவே கிடையாது, பத்தாம் பிரிவைத் திறந்து பாருங்கள். விடைத்தாளில் தீர்ப்போடு முரண்படலாம், காரணம் சொல்லி முரண்பட வேண்டும், அவ்வளவுதான்.

இனி மாணவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இடம். இங்கிலாந்தில் 1861-ல் ட்வெடில் எதிர் அட்கின்சன் என்று ஒரு வழக்கு (இந்த அட்கின்சன் வேறு ஆள்). ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள், பையனுக்கு மாமனார் 200 பவுண்டு, அப்பா 100 பவுண்டு என்று. மாமனார் கொடுக்காமலேயே இறந்துவிட்டார். மாப்பிள்ளை கேட்டபோது, நீ பிரதிபலன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது) எதுவும் தரவில்லை, இந்த ஒப்பந்தத்தில் அந்நியன் என்று அனுப்பிவிட்டது நீதிமன்றம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா எதிர் ராமையா, 1882 என்று குறிக்கப்படும் வழக்கு, வேறு மாதிரி. ஒரு வயதான அம்மா தன் சொத்தை மகளுக்குத் தானப் பத்திரம் எழுதுகிறார், தன் சகோதரர் தரப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே நாளில் மகளும், சரி, தருகிறேன் என்று தாய்மாமனுக்குத் தனியாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறாள். பிறகு தரவில்லை. வழக்கில் மகள் சொன்ன பதில், மாமா எனக்கு ஒன்றும் தரவில்லையே, தந்தது அம்மாதானே என்பது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் சட்டத்தின் 2(டி) பிரிவு, பிரதிபலன் வாக்குறுதி பெறுபவரிடமிருந்தோ வேறு எவரிடமிருந்தோ வரலாம் என்கிறது.

இதைப் படித்துவிட்டு, இந்தியாவில் மூன்றாம் நபர் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று எழுதுகிறவர்கள் வகுப்புக்குப் பாதிப் பேர். மாமா பிரதிபலனுக்குத்தான் அந்நியர், ஒப்பந்தத்துக்கு அல்ல. மகள் அவருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒப்பந்தத்திலேயே இல்லாதவர் பொதுவாக இங்கேயும் வழக்குப் போட முடியாது, எம்.சி. சாக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. குவாஜா முகமது கான் எதிர் ஹுசைனி பேகம், 1910, பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீடு போன லண்டன் மன்றம்). இங்கேயும் இரண்டு அப்பாக்கள், ஒரு கல்யாணம். மணமக்கள் இருவரும் சிறார்கள். மருமகளுக்குப் பாந்தான் செலவு, அதாவது வெற்றிலைப் பெட்டிச் செலவு, மாதம் 500 ரூபாய் என்று மாமனார் அவள் தகப்பனுக்கு எழுதிக் கொடுத்து, அதற்குச் சொத்துகளையும் பொறுப்பாக்கியிருந்தார். பிற்பாடு வழக்குப் போட்டது அந்த மருமகள். ட்வெடிலைக் காட்டி மாமனார் தப்பப் பார்த்தார். பெற்றோர் பேசி சிறார்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் சமூகத்தில் அந்த இங்கிலாந்து விதியை அப்படியே வைத்தால் பெரும் அநியாயமாகும் என்று நீதிபதிகள் மருமகள் பக்கம் நின்றார்கள். இந்த மூன்று வழக்குகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள், எதையும் மனப்பாடம் செய்யத் தேவை வராது.

தீங்கியலில் பிரிவு எண்ணே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இருந்திருக்கலாம். ஃபிரடெரிக் போலக் 1880களில் இந்திய அரசுக்காக ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தார், அது சட்டமாகவில்லை. அதனால் வழக்குகள்தான் இங்கே சட்டம். ஆனால் எல்லாம் இங்கிலாந்து என்பது சரியில்லை. 1985 டிசம்பர் 4-ல், போபால் விஷவாயு விபத்து நடந்து ஓராண்டு முடிந்திருந்த சமயம், டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அதையொட்டிய எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் என்ன காரணம் சொல்லியும் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. தன் நிலத்தில் ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அது வெளியேறினால் பொறுப்பு என்ற 1868-ன் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெச்சர் விதிக்கு உள்ள விதிவிலக்குகளும் இதற்குக் கிடையாது. ஆலைச் சுவருக்கு வெளியே குடியிருப்பவருக்கும் அந்த ஆலைக்கும் என்ன ஒப்பந்தம்?

நேரில் பார்க்க வேண்டுமென்றால் லீவில் ஒருநாள் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி. வழக்குகள் நடக்கும் அறையில் போய் உட்காருங்கள். வாகன விபத்து இழப்பீடு. நிறைய வக்கீல்களுக்குச் சோறு போடுவது அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் வண்டி முதலாளிக்கு, பணம் கேட்பது அடிபட்ட மூன்றாம் நபர். ஸ்கூட்டருக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது இதற்காகத்தான்.

கைடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பரீட்சைக்கு முந்தைய இரவு அது தேவைப்படும். அதற்கு முன் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டம் மட்டும் உள்ள புத்தகம்) ஒன்று வாங்கி, பிரிவுகளுக்குக் கீழே உள்ள உதாரணங்களை மட்டும் முதலில் வாசியுங்கள். மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிறேன் என்ற ஒப்பந்தம் செல்லாது என்று 56-ம் பிரிவின் கீழ் இருக்கும். அரசு வேலை வாங்கித் தர ஆயிரம் ரூபாய் பேசுவது 23-ம் பிரிவின் கீழ், 1872-லேயே. ஆங்கிலமும் எளிமையானது, தமிழ் வழியில் வந்தவர்கள் இதிலிருந்து தொடங்குவது சுலபம். பிராப்ளம் கேள்விக்கு விடை எழுதும்போது முதல் பத்தியில் யார் யாருக்கு என்ன சொன்னார், யார் வெளியே நிற்கிறார் என்பதை எழுதிவிட்டுப் பிறகு பிரிவுக்குப் போங்கள்.

ஒரு கேள்வி தருகிறேன். சின்னையா வழக்கில் மகள் தாய்மாமனுக்குத் தனி ஒப்பந்தம் எழுதித் தரவே இல்லை, தானப் பத்திரத்தில் உள்ள நிபந்தனை மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாமா ஜெயித்திருப்பாரா? ஹுசைனி பேகம் வழக்கு அவருக்கு உதவுமா? இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.