தோற்றவர் வரைந்த அந்தப்புரம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள் பற்றித் தேடியபோது சிகனோபுவின் 'சியோதா நோ ஓஓகு' வரிசை கிடைத்தது. பெண்கள் செர்ரிப் பூ பார்க்கிறார்கள், பண்டிகைப் பொம்மைகளைப் பார்க்கிறார்கள். அழகுதான், ஆனால் காலண்டர் படம்போல இருக்கிறது. நிலக்காட்சி அச்சுகளுக்குப் பெயர்போன ஹிரோஷிகேயைப் பார்த்த கண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

காலண்டரிலிருந்தே தொடங்குகிறேன். 1873 ஜனவரி 1 அன்று ஜப்பான் தன் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், பீச் பூக்கும் வேளையில் வந்துகொண்டிருந்த பொம்மைத் திருநாள் மார்ச் 3க்குப் போயிற்று. டோக்கியோவில் அப்போது பீச் மரங்கள் மொட்டையாக நிற்கும். ஒன்பதாம் மாதத்துச் செவ்வந்தித் திருநாளும் பூவுக்கு முந்திக்கொண்டது. அதே ஆண்டு அரசு இவை உள்ளிட்ட ஐந்து பருவத் திருநாள்களைத் தன் விழாப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. சிகனோபு வரைந்தது 1894 முதல் 1896 வரை. பூவும் பண்டிகையும் பிரிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

படத்தில் இருக்கும் அந்த வீடும் அப்போது இல்லை. சியோதா என்பது எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருந்த கோட்டை; ஓஓகு அதில் ஷோகுனின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரின், அந்தப்புரம். ஷோகுன்களின் குடும்பமான தோகுகவாவின் ஆட்சியில் அக்குடும்பத்தைப் பற்றி அச்சிடவே தடை இருந்தது. 1868இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. சிகனோபு தகதா சிற்றரசைச் சேர்ந்த சாமுராய். ஷோகுன் தரப்பில் எடோவின் உஎனோ பகுதியில் போரிட்டார், பிறகு வடக்கே ஹகோதாதே வரை போய்ப் போரிட்டுத் தோற்றார். தன்னால் காக்க முடியாமல் போன வீட்டின் உள்ளறைகளைத்தான் 56 வயதில் வரையத் தொடங்குகிறார். எனக்கு அந்தப் படங்களின் அமைதி வலிக்கிறது.

ஹிரோஷிகே அளவுக்கு இவர் பெரிய கலைஞர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் துணியைப் பாருங்கள். நல்ல பிரதிகளில் வெள்ளைப் பகுதிகளை மை தடவாத கட்டையால் அழுத்திப் புடைக்க வைத்திருப்பார்கள். இதற்குக் கராஸுரி என்று பெயர். நேராகப் பார்த்தால் வெறும் தாள். தாளைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நெசவும் பூவேலையும் எழுந்துவரும். கணினித் திரையில் இது தெரியாது.

இன்னொன்று: ஒவ்வொரு காட்சியும் மூன்று தாள்கள். இணையத்தில் சில வேளை ஒரு தாள் மட்டும் தனியாகக் கிடைக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தாளில் பாதியில் நின்ற ஒரு கிமோனோவின் ஓரம் அடுத்த தாளில் தொடரும்.