இல்லத்துப் பிள்ளைகளுக்குத் துணி சேகரிக்கும் முன் அளவு கேளுங்கள்

கேள்வி: கோவையில் 140 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். புறநகரில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தீபாவளிக்கு முன் துணி சேகரித்துத் தர அசோசியேஷனில் முடிவு செய்திருக்கிறோம். பழைய துணி தரலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: பழைய துணி தாராளமாகத் தரலாம். ஆனால் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். 'துணி சேகரிக்கிறோம்' என்று பொதுவாகக் கேட்டால், ஐந்து வயதுக் குழந்தையின் பட்டுப் பாவாடை, பாட்டியின் நூல் புடவை, கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த பேன்ட் பிட், ஜிப் போன ஜீன்ஸ் என்று மூட்டை மூட்டையாக வரும். பதினைந்து வயதுப் பிள்ளை போடக்கூடியது அதில் கொஞ்சம்தான் தேறும். அந்த வயதுக்காரர்கள் துணியைச் சாயம் போகும்வரை போட்டுத் தீர்த்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால் தம்பி தங்கைக்குப் போய்விடும்.

முதலில் அந்த இல்லம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு இல்லாத இடத்துக்கு எதுவும் தர வேண்டாம். அப்படியே, நன்கொடையாளர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இல்லம் எது என்றும் கேட்டு வையுங்கள். பஸ் வசதியுள்ள, பெயர் தெரிந்த இல்லங்களில் பிறந்தநாள், நினைவுநாள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அடுத்து, இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். பெயர் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, சட்டை அளவு, இடுப்பு அளவு, செருப்பு எண் போதும். அந்தப் பட்டியலை வைத்து '30 இடுப்பு பேன்ட், எம் சைஸ் டி-ஷர்ட், எல் சைஸ் குர்த்தி' என்று நோட்டீஸில் எழுதினால் வருகிற துணியின் தரமே மாறிவிடும். தைக்காத சுடிதார் மெட்டீரியல் தருகிறவர்கள் தையல் கூலியையும் சேர்த்துத் தரட்டும். இல்லாவிட்டால் அது இல்லத்தின் பீரோவில்தான் கிடக்கும்.

உள்ளாடை மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. தானமாக மிகக் குறைவாக வருவதும் இதுதான், கொடுக்கிறவர்களுக்குக் கூச்சம். பையன்களின் பனியன், ஜட்டி 75, 80, 85 சென்டிமீட்டர் என்று வரும். பெண்பிள்ளைகளின் பிரா அளவைப் பெண் வார்டன் மூலமாக மட்டும் கேட்டு வாங்குங்கள். இதற்கென்று வீட்டுக்கு ஒரு சிறு தொகை வசூலித்துத் திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோவையிலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது, பனியன், டி-ஷர்ட், டிராக் பேன்ட் எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். அதே வசூலில் நாப்கினும் வாங்கிவிடலாம்.

இனி கொடுக்கும் விதம். பெரும்பாலானோர் சொதப்புவது இங்கேதான். ஒரே தானில் துணி எடுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி தைத்துத் தருகிறார்கள். ஆறு வயதில் அது சந்தோஷம். பதினான்கு வயதில் அதைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால், 'ஹோம் பிள்ளைகள் போகிறார்கள்' என்று ஊருக்கே தெரியும். அந்த வயதில் அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே, துவைத்து இஸ்திரி போட்ட துணிகளை இல்லத்தின் கூடத்தில் அளவுவாரியாக ஹேங்கரில் மாட்டுங்கள். ஒரு முழுநீளக் கண்ணாடியும், போட்டுப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலையும் இருக்கட்டும். ஆளுக்கு மூன்று டோக்கன் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியாக வருகிறவருக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அதனால் தேவையைவிட ஒன்றரை மடங்கு துணி வையுங்கள். ஒரு டெய்லர் மெஷினோடு வந்து உட்கார்ந்தால் பேன்ட் நீளம், சுடிதார் பக்கத் தையல் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒரு பிள்ளை சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்று உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தீபாவளிக்குத்தான் தர வேண்டுமா என்று யோசியுங்கள். அந்த மாதம் எல்லா இல்லங்களுக்கும் துணி வந்து குவியும். தட்டுப்பாடு ஜூனில், பள்ளி திறக்கும்போது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள மாணவர்களுக்கு விலையில்லாச் சீருடை தருகிறார்கள், ஆண்டுக்கு 4 இணை. ஆனால் அது 8ஆம் வகுப்போடு சரி. பிள்ளை மளமளவென்று வளர்கிற 9ஆம் வகுப்பிலிருந்து சீருடைச் செலவு இல்லத்தின் தலையில். உங்கள் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினால் நான் சந்தோஷப்படுவேன்.

பதினேழைத் தாண்டியவர்களைத் தனியாகக் கவனியுங்கள். பதினெட்டு முடிந்ததும் இல்லத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். இல்லத்தைவிட்டு வந்த பிறகும் உதவும் பிற்காலப் பராமரிப்புக்கு 21 வயது வரை சட்டத்தில் இடம் உண்டு, இருந்தாலும் வேலைக்கும் கல்லூரிக்கும் அலைகிற காலம் அது. இரண்டு ஃபார்மல் சட்டை, ஒரு பேன்ட், ஷூ, நல்ல சூட்கேஸ் போதும். தங்கள் சாமானைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டிக்கொண்டு அவர்கள் வெளியேற வேண்டியதில்லை.

வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தர விரும்பினால் அதே பாதுகாப்பு அலகு மூலமாகவே கொடுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, அதில் சாப்பாடும் படிப்பும் போகத் துணிக்கு எவ்வளவு மிஞ்சும்? கூட்டமாக அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள், அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிய வேண்டாம். நடைபாதையில் குடும்பத்தோடு வாழும் பிள்ளைகளின் தேவை வேறு மாதிரி: சீக்கிரம் காய்கிற, அடர்ந்த நிறத் துணியும், மழையில் நனையாத ஜிப் வைத்த பையும். துவைத்துக் காயப்போட இடமில்லாதவருக்கு வெள்ளைச் சட்டை தொல்லைதான்.

போட்டோ எடுக்க வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவுக்கு மாட்டி வைத்த துணிகளின் படமே போதும்.

மிஞ்சும் துணியை இல்லத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், அதை வகைபிரிக்க அவர்களுக்கு ஆள் கிடையாது. போடக்கூடியதை, பழைய துணி சேகரித்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் கூன்ஜ் போன்ற அமைப்புக்குத் தரலாம், கிழிந்த பருத்தித் துணியை மெக்கானிக் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ரசீது கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: துணியாகக் கொடுத்தால், நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு (80ஜி) கிடையாது. பணமாகக் கொடுத்தால், அந்த இல்லத்துக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 2,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கொடுக்கட்டும்.