சிறுநீர்த் தொல்லைகள்: கூச்சத்தை விட்டுக் கேட்டவை

வேலூரில் சிறுநீரியல் வார்டில் 29 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்ல, மருந்துச் சீட்டு என்னிடம் கிடைக்காது. ஆனால் டாக்டரிடம் சொல்லக் கூசியதையெல்லாம் நோயாளிகள் ஊசி போடும் நேரத்தில் என் காதோடு சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

காட்பாடி, 67 வயது: இரவில் நான்கு முறை எழுகிறேன். முக்கினால்தான் வருகிறது, அதுவும் நூல் போல. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள்.

ஐயா, வயதோடு வருவது உண்மைதான். அறுபதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புராஸ்டேட் பெருத்திருக்கும். அதற்காகச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையின் அடியில், குழாயைச் சுற்றி மோதிரம் போல அமர்ந்திருக்கும் சுரப்பி அது. இளம் வயதில் சுமார் 20 கிராம்தான் இருக்கும். பெருக்கும்போது நடுவில் ஓடும் குழாய் நெரிபடுகிறது. பை முழுதாகக் காலியாகாமல் மிச்சம் தங்குகிறது. கொஞ்ச நேரத்திலேயே மறுபடி முட்டுகிறது.

டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போகிறது என்றால், புராஸ்டேட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கால் வீக்கம், சர்க்கரை, இதயம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை என வேறு காரணங்களையும் தேட வேண்டும். அந்த ஒரு தாள் டாக்டருக்குப் பாதி வேலையை மிச்சமாக்கும்.

வழக்கமாக முதலில் டாம்சுலோசின் தருவார்கள். சில நாட்களிலேயே தாரை சீராகும். தலைசுற்றல் வரலாம், படுக்கையில் உட்கார்ந்து, நிதானித்து, பிறகு எழுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்யப்போகிறீர்கள் என்றால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறுவையின்போது கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து தொந்தரவு தரும். இதைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம்.

குடியாத்தம், மகள் கேட்கிறார்: அப்பாவுக்குத் திடீரென்று ஒரு சொட்டுக்கூட வரவில்லை. டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஏன் அப்படி?

அம்மா, அதற்கு முன் சளி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். மூக்கடைப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், அல்லது பையின் பிழியும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே புராஸ்டேட் பெருத்தவருக்கு அது போதும். கல்யாண வேனில் திருப்பதியிலிருந்து அடக்கிக்கொண்டே வந்த ஒருவர் எங்கள் வார்டில் சேர்ந்தார். வழியில் இரண்டு சளி மாத்திரை விழுங்கியிருந்தார். டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. வலியில் அழுதவர், வடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆற்காடு, 61 வயது: பி.எஸ்.ஏ. 6.2 என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. 4க்கு மேல் போனால் கவனிப்பார்கள். ஆனால் சாதாரணப் பெருக்கம், கிருமித் தொற்று, அண்மையில் போட்ட டியூப் எல்லாமே அதை ஏற்றும். தொற்று இருந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டாம். அப்போதும் கூடுதலாக இருந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை. புராஸ்டேட்டைச் சுருக்கத் தரும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுபவரா நீங்கள்? அது பி.எஸ்.ஏ.வைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

வாலாஜாபேட்டை: வாழைத்தண்டுச் சாறு புராஸ்டேட்டைக் கரைக்குமா?

கரைக்காது. நல்ல உணவு, சாப்பிடுங்கள்.

ஆம்பூர், 34 வயது, ஷூ கம்பெனியில் வேலை: மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போனால் முறைக்கிறார்கள் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை.

தங்கச்சி, இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நான்கு சென்டிமீட்டர்தான்; கிருமி எளிதில் ஏறிவிடும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால், ஏறிய கிருமி பையிலேயே தங்கிப் பெருகும். வேலூர் வெயிலில் இது இன்னும் மோசம். கழிப்பறை வேலை நேரம் முழுவதும் தொழிலாளர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இத்தனை முறை வந்தபின் யூரின் கல்ச்சர் பார்த்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்து சாப்பிட வேண்டும். சர்க்கரையும் பாருங்கள். காய்ச்சலும் நடுக்கமும் விலாவில் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள், அன்றே போய்விடுங்கள்.

போளூர், 48 வயது: இருமினால், தும்மினால் கசிகிறது. கோயிலுக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா, பிரசவங்களில் தளர்ந்த இடுப்படித் தசைகள்தான் பெரும்பாலும் காரணம். வாயுவை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். முதலில் ஐந்துவரைதான் முடியும், பரவாயில்லை. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். தெரியாவிட்டால் சிகிச்சை இருக்கிறது.

வாணியம்பாடி, 58 வயது, தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவு, பீடிப் பழக்கம் உண்டு: போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. தானாக நின்றுவிட்டது, அதனால் விட்டுவிட்டேன்.

அண்ணே, இன்று வந்த கேள்விகளில் எனக்குப் பயம் தந்தது உங்களுடையதுதான். வலி இல்லாமல் வந்து, தானாக நின்ற இரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதற்குப் புகைதான் முதல் காரணம். சில சாய வேதிப்பொருட்களும் காரணமாகும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதை உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபின் டாக்டர் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ அல்ல. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். பணம் இல்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக் காலையே கிளம்புங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. சிவப்பு நின்றுவிட்டது என்று அங்கே தயங்காதீர்கள். எந்தத் தேதியில் போனது என்று சொல்லுங்கள்.