பைபாஸா, ஸ்டென்டா? வயலை விற்பதற்கு முன்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, நீண்ட காலமாகச் சீனி வருத்தம். அஞ்சியோகிராம் (இருதயக் குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை) செய்ததில் இருதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு. நெஞ்சைத் திறந்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் போக வேறு வழி போடும் பைபாஸ்தான் நல்லது என்கிறார் டொக்டர். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் விசாரித்தோம். குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலையான ஸ்டென்டுக்குச் செலவு குறைவு, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். நெஞ்சைத் திறக்க இவருக்கும் பயம். வயலை விற்று ஸ்டென்டையே வைத்துவிடலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, முதலில் வயலை விற்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள்.

அவர்கள் சொன்ன தொகை எத்தனை ஸ்டென்டுக்கு? மூன்று குழாய்களில் அடைப்பு என்றால் ஒன்றோடு வேலை முடியாது. அடைப்பு நீளமாக இருந்தால் ஒரே குழாய்க்கு இரண்டு தேவைப்படலாம். சில வேளை இரண்டு தடவையாகச் செய்வார்கள், அறைக் கட்டணமும் அப்படியே கூடும். எல்லாம் அடங்கிய மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல், அஸ்பிரினோடு குளோபிடோகிரல் போன்ற இன்னொரு குளிசையை வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போட வேண்டும். காசில்லை என்று இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம்.

பைபாஸில் முதல் பில்லே பெரிது. ஒரு கிழமை அளவில் வைத்தியசாலை, பிறகு நெஞ்செலும்பு பொருந்தும்வரை இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. அவரே வயலில் இறங்குகிறவர் என்றால் ஒரு போகம் போய்விடும். கூட நிற்பவர் கொழும்பில் தங்கும் செலவும் இருக்கிறது. இதையெல்லாம் யாரும் பில்லில் எழுதித் தர மாட்டார்கள்.

ஆனாலும் உங்கள் டொக்டர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் கணவரைப் போல சீனி வருத்தமும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரை வைத்து ஃப்ரீடம் என்ற ஆய்வு நடந்தது, முடிவு 2012இல் வந்தது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் நூற்றுக்குச் சுமார் 16, பைபாஸ் பக்கம் 11. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூட: நூற்றுக்கு 5, ஸ்டென்டில் 2. அதே ஆய்வின் அமெரிக்கச் செலவுக் கணக்கில் ஆரம்பத்தில் பைபாஸுக்குச் சுமார் 8,600 டொலர் அதிகம். ஐந்து வருடம் போனதும் அந்த வித்தியாசம் சுமார் 3,600 ஆகக் குறைந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களில் பலர் திரும்பவும் குழாயைத் திறக்க வர வேண்டியிருந்தது முக்கியமான காரணம். நம் ஊர் விலை வேறு. ஆனால் முதல் பில்லை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவோம் என்பது இங்கேயும் பொருந்தும்.

ஒரு குழாயில் மட்டும் சின்ன அடைப்பு, சீனி வருத்தம் இல்லை என்றால் நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். அங்கே ஸ்டென்டே போதுமாக இருக்கும், சிலருக்கு மருந்தே போதும்.

சரி, காசுக்கு வருவோம். அரசாங்க வைத்தியசாலைகளில் பைபாஸும் இலவசம், ஸ்டென்டும் இலவசம். காத்திருப்பு நீளம், அதை மறைக்க மாட்டேன். பொருட்கள் தட்டுப்பாடான காலத்தில் ஸ்டென்டை வெளியே வாங்கிவரச் சொன்னதும் உண்டு. ஆனாலும் அஞ்சியோகிராம் சீடியையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்குக்குப் போங்கள். எந்த வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தருவார்கள், எவ்வளவு காலம் காத்திருக்கலாம், அதுவரை மருந்தில் சமாளிக்கலாமா என்று கேளுங்கள். அந்தக் காலம் அவருக்கு ஆபத்து என்று சொன்னால் மட்டும் தனியாரை யோசியுங்கள். அப்போதும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு போகாமல் முன்னரே போய் விசாரியுங்கள்.

அவருடைய பயத்தைச் சத்திரசிகிச்சை செய்யப்போகிறவரிடமே சொல்லச் சொல்லுங்கள். அவருடைய வயதுக்கும் இருதயத்தின் பலத்துக்கும் ஆபத்து எவ்வளவு என்று அந்த டொக்டரால்தான் சொல்ல முடியும். சொந்தக்காரர்களின் கதைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இந்த இடைவெளியில் சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ, செலவுக் கணக்கு எதுவும் பார்க்காமல் உடனே 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.