தோழிக்கு அரசு வேலை. எனக்கு வாழ்த்த வாய் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 29. ஊர் திண்டுக்கல். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் என் தோழியும் சேர்ந்துதான் படித்தோம். நூலகத்தில் ஒரே மேசை, டெஸ்ட் பேட்சும் ஒன்றுதான். ஆறிலிருந்து பத்து வரை உள்ள பள்ளிப் புத்தகங்களைக்கூட ஒரு செட் வாங்கி இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். அவளுக்குக் கணக்கு வராது. தேர்வில் கணக்குக்கு வரும் 25 கேள்விகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அரசியலமைப்பு குழப்பும். அவள் எழுதிய நோட்ஸை வைத்துத்தான் சமாளித்தேன்.

குரூப் 4 முடிவில் நான் கட்-ஆஃபுக்கு இரண்டு கேள்வி கீழே நின்றுவிட்டேன். அவள் என்னைவிட நான்கு கேள்வி குறைவாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்ததால் தட்டச்சர் பணிக்கான கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் இடம் எடுத்துவிட்டாள். இப்போது பணி நியமன ஆணையும் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்தியபோது நானும் ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டேன். அவ்வளவுதான். அதன்பிறகு அவள் இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினேன். அது பொய். அவள் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. "அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே, உனக்கு மட்டும் ஏன் வரல?" என்று அம்மா சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறார். ராத்திரி படுத்தால் தூக்கம் வர இரண்டு மணி ஆகிறது.

அடுத்த வாரம் அவள் பணியில் சேர்கிறாள். ரயில் ஏற்றிவிட நான் வரவேண்டும் என்றும், தன் நோட்ஸ் எல்லாவற்றையும் எனக்கே தந்துவிடுகிறேன் என்றும் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அதற்கும் பதில் போடவில்லை. அவள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பொறாமையாக இருக்கிறது. இந்த மனசோடு எப்படி வாழ்த்துவது? இவ்வளவு தாமதமாக வாழ்த்தினால் போலியாகத் தெரியாதா? ஸ்டேஷனுக்குப் போகவா? நோட்ஸை வாங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி வங்கி வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருந்தால் முதல் ஆளாக நீங்களே இனிப்பு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஆப்ரகாம் டெஸ்ஸர் 1980-களில் இதை ஆராய்ந்து சொன்னார். நமக்கு நெருங்கியவர், நாம் உயிராக நினைக்கும் அதே துறையில் நம்மைத் தாண்டிப் போகும்போதுதான் வலி அதிகம். அந்தத் துறை நமக்குப் பொருட்டில்லை என்றால் அதே நெருக்கம் பெருமையாக மாறிவிடும். உங்கள் விஷயத்தில் நெருக்கமும் உச்சம், துறையும் ஒன்று. அதனால் வந்த வலியை வைத்து உங்கள் குணத்துக்கு மார்க் போடாதீர்கள்.

இரண்டு கேள்வி என்பதும் ஒரு காரணம். குரூப் 4-இல் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். 300-க்கு மூன்று மதிப்பெண்ணில் போயிருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1995-இல் வெளியானது. வெண்கலம் வாங்கியவர்களைவிட வெள்ளி வாங்கியவர்கள் மகிழ்ச்சி குறைந்து காணப்பட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தவறியது திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓடும். முப்பது கேள்வியில் தவறியிருந்தால் உங்களுக்கு இந்நேரம் தூக்கம் வந்திருக்கும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து நூலகத்தில் அந்த மேசைக்கு நீங்கள் தனியாகப் போகவேண்டும். வேலை தவறியது ஓர் இழப்பு, கூடவே இருந்த ஆள் விழுப்புரம் போவது இன்னொன்று. பொறாமை என்று நீங்கள் நினைப்பதில் கணிசமான பங்கு இந்தப் பிரிவுத் துயரமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி வாழ்த்துக்கு வருவோம். மனசு சுத்தமான பிறகு வாழ்த்தலாம் என்று காத்திருக்காதீர்கள். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிவிடும், உங்கள் மௌனத்துக்கு அவளாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வாள். வருத்தம் இருக்கும்போதே உண்மையாக வாழ்த்த முடியும். இரண்டையும் ஒரே பேச்சில் கலக்காமல் இருந்தால் போதும்.

அதனால் போன் செய்வதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, மனசில் இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். "கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்" என்பதில் தொடங்கி எல்லாம் வரட்டும். எழுதிக் கிழித்துப் போடுங்கள், யாருக்கும் அனுப்பவேண்டாம். இதைச் செய்யாமல் பேசினால் அந்த வரிகள் எப்படியாவது வாழ்த்துக்குள் நுழைந்துவிடும்.

பிறகு அவளுக்கு ஒரு மெசேஜ்: "இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல பேசலாமாடி?" நேரம் குறித்துவிட்டால் நீங்கள் தள்ளிப்போட முடியாது, அவளும் வேலைகளுக்கு நடுவில் அவசரமாகப் பேசமாட்டாள். பத்து நிமிடம் போதும்.

முதல் வாக்கியத்திலேயே மன்னிப்பை முடித்துவிடுங்கள். "போன் எடுக்காம இருந்ததுக்கு ஸாரிடி, ரிசல்ட் எனக்குக் கொஞ்சம் அடியா இருந்துச்சு." இதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மன்னிப்பை நீட்டி நீட்டிச் சொல்லி, கடைசியில் வேலை கிடைத்தவள் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். காய்ச்சல் பொய்யைத் தனியாக விளக்கவேண்டியதில்லை, இந்த ஒரு வரியிலேயே அவளுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து வாழ்த்து. பொதுவாகச் சொல்லாமல், நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ஹையரில் நிமிடத்துக்கு 45 சொல் அடிக்கவேண்டும். லோயர் 30-இலிருந்து அங்கே போவதற்கு எத்தனை மாதம் இன்ஸ்டிட்யூட்டுக்கு நடந்திருப்பாள், அதுவும் இரண்டு மொழியில்! அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்தான். "ரெண்டு ஹையரையும் முடிச்சுட்டு நைட் வந்து டெஸ்ட்டும் எழுதினயே, அதுக்குக் கிடைச்சதுடி இது" என்று சொல்லிப்பாருங்கள். குழுவில் வந்த பூங்கொத்துகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி அவளிடம் நிற்கும். "டைப்பிங் இருந்ததால கிடைச்சிருச்சு" என்பதும் ஏறக்குறைய இதே தகவல்தான். ஆனால் "இல்லையென்றால் உனக்குத் தகுதி இல்லை" என்று சொல்வதுபோல் அவள் காதில் விழும். "நீ லக்கிடி", "எனக்குத்தான் கொடுத்து வைக்கல" இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவது அவள் உழைப்பை அழிக்கிறது, இரண்டாவது பேச்சை உங்கள் பக்கம் திருப்புகிறது. "உன்னை மாதிரி யாராலயும் முடியாது" என்ற மிகையும் வேண்டாம். உங்கள் குரல் நடுங்குவதை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

அதற்குப் பிறகு கேள்வி கேளுங்கள். இதுதான் முக்கியம். உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவர் நான்கு விதமாக நடந்துகொள்வதாகப் பிரித்தது. உங்கள் தோழியை வைத்தே பார்ப்போம். "சூப்பர்டி" என்று சொல்லி நிறுத்துவது ஒன்று. நீங்கள் போட்ட பூங்கொத்து இந்த வகை. "விழுப்புரமா? அவ்வளவு தூரம் போகணுமா? ஹாஸ்டல் செலவுக்கே சம்பளம் சரியாப் போயிரும்" என்று குறை தேடுவது இன்னொன்று. அக்கறை போலத் தெரிந்தாலும் சந்தோஷத்தைக் கெடுத்துவிடும். "அப்படியா, சரி, எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்று நழுவுவது மூன்றாவது. நான்காவதாக, செய்திக்குள் இறங்கிக் கேட்பது: "ஹால்ல உன் ரேங்க்கைக் கூப்பிட்டப்ப எப்படி இருந்துச்சு? விழுப்புரத்தை ஏன் எடுத்த? வீட்ல முதல்ல யாருக்குச் சொன்ன?" உறவு நன்றாக இருப்பது இந்த நான்காவது வகைப் பதிலோடுதான் சேர்ந்து வந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. உங்களுக்கும் இதில் ஒரு சௌகரியம் உண்டு. சந்தோஷமாக இருப்பதுபோல் நடிக்கவேண்டியதில்லை, மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் காது கொடுத்தால் போதும். அவள் பேசப் பேச உங்கள் குரலும் இளகும்.

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்ற கேள்விகளை உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கேட்காதீர்கள். ட்ரீட்டும் இப்போது கேட்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு, அரசின் சம்பள மென்பொருளான 'களஞ்சிய'த்தில் பணியாளர் எண் ஏற்றி, ஓய்வூதியக் கணக்கு எண் வாங்கிய பிறகுதான் சம்பளப் பட்டியல் போடுவார்கள். முதல் சம்பளம் ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப்போவது சகஜம். அதற்குள் விடுதி முன்பணம், சாப்பாடு, பேருந்துச் செலவு எல்லாம் வீட்டிலிருந்து வாங்கித்தான் ஓடும்.

பேசும்போது அழுகை வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். "உனக்குக் கிடைச்சதுல சந்தோஷம்தான்டி. எனக்கு இதுல இருந்து வெளிய வரக் கொஞ்ச நாள் ஆகும். உன்மேல ஒண்ணும் இல்ல." மூன்று வாக்கியம்தான். சொல்லிவிட்டுப் பேச்சை மறுபடி விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்கள்.

தாமதம் போலியாகத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் எல்லோரோடும் சேர்ந்து வந்த வாழ்த்தை அவள் எப்போதோ கடந்துபோயிருப்பாள். எல்லோரும் வாழ்த்தி ஓய்ந்த பிறகு, கிளம்புகிற பரபரப்பில் வரும் போனுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஸ்டேஷனுக்குப் போங்கள். பணியில் சேர்வதை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளத்தான் எல்லோரும் விரும்புவார்கள், அந்த நாள் கணக்கில் வரவேண்டுமே. அதனால் முந்தின நாளே கிளம்புவாள். வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராக விழுப்புரம். வழியனுப்ப அவள் சொந்தக்காரர்களும் வருவார்கள், அதில் ஒருவராவது "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார். பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ரெண்டு கேள்வியில போச்சு அத்தை, அடுத்ததுக்குப் படிக்கிறேன். வண்டி எந்த பிளாட்பாரம்?" கடைசிக் கேள்வியைச் சேர்த்தே சொல்லுங்கள், பேச்சு திரும்பிவிடும். வண்டி வருவதற்கு அரை மணி முன்னால் போனால் போதும். நெடுநேரம் நின்றால்தான் விசாரிப்புகள் கூடும்.

கையில் ஏதாவது கொடுக்க ஆசை இருந்தால், அசல் சான்றிதழ்கள் மடங்காமல் வைக்க ஜிப் வைத்த ஒரு ஃபைல் வாங்குங்கள், முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சேரும் நாளில் நியமன ஆணை, உடல்தகுதிச் சான்று, நகல்கள், போட்டோ என்று அது உடனே பயன்படும். சம்பாத்தியம் இல்லாத நேரத்தில் அதற்கு மேல் செலவழித்தால் உங்களுக்கும் பாரம், அவளுக்கும் சங்கடம்.

அவள் ஸ்டேட்டஸை மூன்று வாரத்துக்கு ம்யூட்டில் போடுங்கள். அவளுக்கு அது தெரியப்போவதில்லை. குழுவிலிருந்து மட்டும் வெளியேறிவிடாதீர்கள், அது அட்மினுக்குத் தெரியும், மற்றவர்களும் பார்த்துவிட முடியும்.

நோட்ஸ் விஷயத்தில் என் பதில், வாங்குங்கள். ஆனால் "எல்லாத்தையும்" என்று மூட்டையாக வாங்கினால் அவள் விட்டுப்போன இடத்தில் நீங்கள் நிற்பதுபோல் ஒவ்வொரு நோட்டும் உறுத்தும். "அரசியலமைப்பு நோட்டு மட்டும் கொடுடி, எனக்கு அதுதான் வேணும்" என்று கேட்டு வாங்குங்கள். கணக்குக்கு நீங்கள் கொடுத்தீர்கள், இதற்கு அவள் கொடுக்கிறாள். டைப்ரைட்டிங் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. நீங்கள் சேர நினைத்தால் அதை அவளிடமே விசாரிக்கலாம், ஆனால் அவள் வேலையில் அமர்ந்து ஒரு மாதம் போகட்டும். வாழ்த்துகிற போனில் அது வேண்டாம்.

அம்மாவிடம் சாப்பாட்டு நேரத்தில் வாதாடாதீர்கள். மாலையில் அவர் ஓய்வாக இருக்கும்போது சொல்லுங்கள்: "அம்மா, ரெண்டு கேள்வியில போனது எனக்கே தாங்கல. நீங்களும் கேட்டா படிக்கவே உக்கார முடியல. அடுத்த பரீட்சை வரைக்கும் அவ பேச்சை எடுக்காதீங்க." பெரும்பாலான அம்மாக்கள் பயத்தில்தான் ஒப்பிடுகிறார்கள். அடுத்த தேர்வுக்கு நீங்கள் போட்டிருக்கும் அட்டவணையை அவர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். படுக்கைக்குப் போனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, புத்தகத்தைத் திறக்கவே முடியாமல் இருந்தாலோ திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் அர்த்தம் இல்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.