'எக்ஸர்ட்' என்ற சொல்லும் அதன் சுற்றமும்: ஆங்கிலக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் 'எக்ஸர்ட்' என்ற வினைச்சொல்லைப் பற்றியவை. அழுத்தம், செல்வாக்கு, அதிகாரம் முதலியவற்றை ஒருவர் மீதோ ஒன்றின் மீதோ செலுத்துவதைச் சொல்லும் சொல் இது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்: டீச்சர், வழிகாட்டி நூலில் 'எக்ஸர்ட்' சொல்லுக்கு யூஸ், அப்ளை, எக்ஸர்சைஸ், வீல்ட் என்று நான்கு இணைச்சொற்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?

தேர்வுத் தாளில் இணைச்சொல் கேட்டால் நான்கில் எது இருந்தாலும் குறித்துவிட்டு வாருங்கள், தம்பி. சொந்தமாக எழுதும்போது அப்படி மாற்றிப் போட முடியாது. எது பொருந்தும் என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்யும்.

'பிரஷர்', 'ஃபோர்ஸ்' வந்தால் எக்ஸர்ட், அப்ளை இரண்டும் சரி. 'வீல்ட் பிரஷர்' என்று யாரும் எழுதுவதில்லை. வீல்ட் என்பது வாளையோ கோடரியையோ கையில் பிடித்து வீசுவதற்கான சொல். அதனால் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கும் அதிகாரத்துக்குத்தான் அது பொருந்தும். 'வீல்ட் பவர்', 'வீல்ட் இன்ஃப்ளுயன்ஸ்' என்று தாராளமாக எழுதலாம். 'எக்ஸர்சைஸ்' உரிமைக்கும் நிதானத்துக்கும் உரியது: 'எக்ஸர்சைஸ் எ ரைட்', 'எக்ஸர்சைஸ் காஷன்', 'எக்ஸர்சைஸ் ரிஸ்ட்ரெயின்ட்'. இந்த மூன்றிலும் எக்ஸர்ட் வரக்கூடாது.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழில் 'செலுத்து' என்ற ஒரே வினை எத்தனை வேலை பார்க்கிறது, பாருங்கள். ஆதிக்கம் செலுத்துகிறோம், விசை செலுத்துகிறோம், வரி செலுத்துகிறோம், வாக்கு செலுத்துகிறோம், அஞ்சலியும் செலுத்துகிறோம். இவற்றில் முதல் இரண்டுக்கு மட்டுமே எக்ஸர்ட். வரிக்கும் அஞ்சலிக்கும் 'பே', வாக்குக்கு 'காஸ்ட்'. வாக்குரிமை என்றால் 'எக்ஸர்சைஸ்'. இந்த ஐந்தையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற எல்லோருக்கும் உதவும்.

பத்தாம் வகுப்பு மாணவி: மிஸ், 'எக்ஸர்ட்' பின்னால் 'ஆன்' வருமா, 'ஓவர்' வருமா?

அழுத்தத்துக்கும் விசைக்கும் 'ஆன்'. கட்டுப்பாடு, அதிகாரம் என்றால் 'ஓவர்'. செல்வாக்குக்கு இரண்டும் வரும். உங்கள் அறிவியல் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லும்போது ஒரு பொருள் இன்னொன்றின் 'மீது' விசை செலுத்துகிறது என்று வரும். அந்த 'மீது'தான் இங்கே 'ஆன்'. இன்னொன்று, கண்ணு: எதைச் செலுத்துகிறோம் என்று சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கக்கூடாது. 'ஹி எக்ஸர்டட் ஆன் மீ' என்றால் அரைகுறையாக நிற்கும்.

தனியார் நிறுவன ஊழியர்: மேடம், 'மை ஃபாதர் இன்ஃப்ளுயன்ஸ்ட் ஆன் மீ' என்று எழுதினேன். மேலாளர் 'ஆன்' என்பதை அடித்துவிட்டார். ஏன்?

அவர் செய்தது சரி. 'இன்ஃப்ளுயன்ஸ்' வினையாக வந்தால் நேராக ஆளிடம் போய்விடும்: 'இன்ஃப்ளுயன்ஸ்ட் மீ'. பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'ஆன்' வேண்டும்: 'ஹாட் அன் இன்ஃப்ளுயன்ஸ் ஆன் மீ'.

வேலை தேடுபவர்: சுயவிவரத்தில் 'எக்ஸர்டட் இன்ஃப்ளுயன்ஸ் ஓவர் கிளையன்ட்ஸ்' என்று போட்டிருக்கிறேன். கம்பீரமாக இருக்கிறதா, மேடம்?

இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வாடிக்கையாளர்களை நீங்கள் ஆட்டிவைத்தது போன்ற தொனி அதில் இருக்கிறது. நீங்கள் உண்மையில் செய்தது என்ன? பேசிச் சம்மதிக்க வைத்திருந்தால் 'பெர்ஸ்வேடட்'. பேரம் பேசி முடித்திருந்தால் 'நெகோஷியேட்டட்'. செய்த வேலையை அப்படியே சொல்லும் சொல்லுக்குத்தான் நேர்காணலில் மதிப்பு. அதைப் பற்றி மேலும் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்வீர்கள்.

ஒரு வாசகி: அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டிஸ்ப்னியா ஆன் எக்ஸெர்ஷன்' என்று இருக்கிறது, அக்கா. இதுவும் அதே சொல்தானா?

அதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவம்தான், அம்மா. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ உடம்பை வருத்தினால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். 'எக்ஸர்ட் யுவர்செல்ஃப்' என்றால் தன் சக்தியைச் செலவிட்டுப் பாடுபடுவது. 'அவாய்ட் ஓவர்எக்ஸெர்ஷன்' என்றும் எழுதியிருந்தால், மிதமிஞ்சி அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் அர்த்தம். படுத்தே கிடக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்: 'அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்', 'கோயர்ஷன்' இரண்டும் ஒன்றுதானா?

அன்றாடப் பேச்சில் கலந்துவிடும், சட்டத்தில் கலக்கவே கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவற்றைத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது. பிரிவு 15 கோயர்ஷன்: தண்டனைச் சட்டம் தடுத்த செயலைச் செய்தோ, செய்வதாக மிரட்டியோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தோ சம்மதம் வாங்குவது. பிரிவு 16 அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்: இங்கே மிரட்டல் தேவையில்லை. ஒருவரின் விருப்பத்தையே ஆளக்கூடிய நிலையில் இன்னொருவர் இருந்து, அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைவது. முதுமையாலோ நோயாலோ மனம் தளர்ந்தவரிடம் கையெழுத்து வாங்குவதும் இதில் அடங்கும். நம் ஊர்ப் பத்திரங்களில் 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி' என்று எழுதுவது இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான். 'அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்' என்பதற்கான வினை 'எக்ஸர்ட்' அல்லது 'எக்ஸர்சைஸ்'. இரண்டும் சட்ட எழுத்தில் வழங்குகின்றன.

ஆசிரியப் பயிற்சி மாணவி: 'எக்ஸர்ட்' சொல்லின் உச்சரிப்பு எப்படி, மேடம்?

'எக்ஸாம்' என்ற சொல்லில் நடுவில் வரும் அதே ஒலி, அழுத்தம் இரண்டாம் அசையில். 'எக்ஸர்சைஸ்' சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஒலியில் நெருங்கிய 'எக்ஸார்ட்' வேறு சொல், ஒருவரை வலியுறுத்தி ஊக்குவிப்பது. 'எக்ஸ்டார்ட்' என்றால் மிரட்டிப் பறிப்பது. 'எக்ஸ்டார்ட் மணி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எக்ஸர்ட் மணி' என்று எழுதும் மாணவர்களைப் பார்ப்பீர்கள். பணத்தை எக்ஸர்ட் செய்ய முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.